நாலு பேர் பிடிக்க வேண்டிய வடம்

மேகம் ஏறி வருவதற்குள் வலை விரித்தாக வேண்டும். இருட்டு பிரிகிறபோதே, வலைக்கும் வடத்துக்கும் முடிச்சுப் போடுகிற முடிச்சுக்காரி பாறை விளிம்பில் குத்தவைத்து, ஈர வடத்தை உதறி உதறி முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகளில் புதுத்தோல் இன்னும் சரியாக மூடவில்லை. ஒவ்வொரு உதறலுக்கும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. எரியட்டும் என்று விட்டிருந்தாள். எரிச்சல் நின்றால் கோபமும் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அந்த நாட்டில் ஆறு இல்லை, கிணறு இல்லை. செங்குத்தான ஒரு மலையில் படிப்படியாக வெட்டிய ஊர் அது. காலையில் பள்ளத்திலிருந்து எழும் மேகம்தான் தண்ணீர். ஓர் ஆளைக் கூடையில் உட்காரவைத்து வடத்தால் இறக்குவார்கள். பாறையில் அறைந்த முளைகளில் அவன் வலையை மாட்டிக்கொண்டே போவான். மேகம் பட்டு ஊறிய வலையை மேலே இழுத்து, கல்மேடையில் போட்டு மிதித்துப் பிழிவார்கள். பிழிந்ததெல்லாம் மலை உச்சியில் மாளிகை கட்டி வாழும் உச்சியாரின் தொட்டிக்குப் போகும். கூலி, ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர். இந்த வருஷம் அதை அரைக் குடமாக்கினார். வடத்துக்கு நாலு பேர் எதற்கு, இரண்டு பேர் போதும் என்ற உத்தரவும் கூடவே வந்தது.

அங்கே வீடு எத்தனை உயரத்தில் இருக்கிறதோ அத்தனை மரியாதை. மேல்படிக்காரர்கள் கீழ்ப்படிக்காரர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை; பார்த்தால் தரம் குறைந்துவிடுமாம். ஆனால் வடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூடையில் ஏறுகிறவர் வடம் பிடிக்கிறவரின் கண்ணைப் பார்த்து, "என் உயிர் உன்கிட்ட" என்று சொல்ல வேண்டும். பிடிக்கிறவர், "என்கிட்ட பத்திரம்" என்பார். சொல்லிவிட்டால் சொன்னதுதான். கூடையில் இருப்பது பரம விரோதியாகவே இருந்தாலும் அதன்பிறகு வடத்தை விடக்கூடாது.

போன மாதம், சென்ற பருவம் முடிகிற நேரத்தில், அவளுடைய தம்பி அவள் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். காற்று கூடையைத் தூக்கி அடித்தபோது வடத்தில் இருந்தது அவளும் இன்னொருத்தியும் மட்டும்தான். இரண்டு பேரும் விளிம்புவரை இழுபட்டார்கள். அவள் விடவில்லை. ஈர வடம் அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு தானாகப் போயிற்று.

உச்சியார் விசாரித்தார். "பொம்பளை பிடி தளர்ந்துவிட்டது" என்று ஊர் கேட்கத் தீர்ப்புச் சொன்னார். தம்பி வீட்டுக்கு அந்த அரைக் குடமும் நின்றுபோயிற்று. வாக்குக் கொடுத்துத் தம்பியைக் கொன்றவள் என்று அவள் பெயர் நாறியது.

இன்று புதுப் பருவத்தின் முதல் நாள். மலைக்குச் சொந்தக்காரர் எவரோ அவரே இறங்கி முதல் வலையை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் மலை அவருடையதல்ல. அந்த நாட்டில் பணக்காரனுக்கென்று இருந்த ஒரே கஷ்டம் அதுதான். உச்சியார் தன் அந்தஸ்தை விட்டு ஒரு கீழ்ப்படிக்காரியின் கண்ணைப் பார்த்து வாக்கு வாங்க மாட்டார் என்பது முடிச்சுக்காரிக்குத் தெரியும். வாக்கு இல்லாத வடத்தை விட்டால் கேட்க ஆளில்லை. இன்று அவள் முறை. கூட நிற்கப்போகிறவள் தம்பி பொண்டாட்டி. இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

வடம் இறக்குவதை மேற்பார்க்கும் மேஸ்திரிக்கு மட்டும் ஏதோ சந்தேகம்.

"நீ இன்னைக்கு வேண்டாம்மா. வீட்டுக்குப் போயிடு" என்றார்.

"என் முறைதானே, மேஸ்திரி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிவது அவருக்குப் பழகிப்போன வேலை.

உச்சியார் காவல்காரர்களோடு வந்தார். சாரலுக்காக மூக்குவரை துணி கட்டி நின்ற பெண்களை அவர் பார்க்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கூடையில் ஏறினார்.

"வடத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு பேருங்க. நீங்க போட்ட உத்தரவுதானுங்க" என்றார் மேஸ்திரி.

"அது இவங்களுக்குப் போட்டது. எனக்கு நாலு பேரைப் போடு."

முடிச்சுக்காரிக்கு நாக்கு நிற்கவில்லை. "காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானே, ஐயா?"

"யாரது பேசறது?"

"வடம் பிடிக்கிற பொம்பளைங்க."

"பிடிக்கிறதுக்குத்தான் கூலி. பேசறதுக்கு இல்லை" என்றார் உச்சியார் ஆகாயத்திடம்.

வலை பிழிகிற இரண்டு பேர் ஓடிவந்து பின்னால் பிடித்துக்கொண்டார்கள். போட்ட திட்டம் பாழ். முன்னால் இரண்டு பேர் விட்டாலும் பின்னால் இரண்டு பேர் தாங்குவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள்.

கூடை விளிம்பைத் தாண்டியது. காற்று வழக்கம்போல் வந்து மோதியது. வடம் கையில் லேசாகத் துள்ளி அடங்கிவிட்டது. அவளால் நம்ப முடியவில்லை. தம்பியைவிட இருமடங்கு கனமான ஆள், அதே காற்று, அவளுடைய அதே புண் கை. கால் ஓர் அங்குலம் நகரவில்லை. நாலு பேர் பிடித்தால் இவ்வளவுதானா? இவ்வளவு லேசாகவா தம்பி பிழைத்திருப்பான்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குதிகாலைப் பாறையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

நாலு பேரும் நிறுத்தினார்கள். மேஸ்திரி அவசரமாக வடத்தைக் கல்தூணில் சுற்ற வந்தார். "சுத்தாதீங்க, மேஸ்திரி. எங்க கையிலேயே இருக்கட்டும்."

தம்பி பொண்டாட்டி காதோரம் கிசுகிசுத்தாள். "சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா பின்னாடி இருக்கறவங்களும் விட்டுடுவாங்க."

"விட்டா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோயிடும். நாளைக்கு அவன் மகன் வந்து அதே ரெண்டு பேர்னு சொல்வான். இவன் தொங்கணும். தொங்கிக்கிட்டே பதில் சொல்லணும்."

கீழேயிருந்து குரல் வந்தது. "ஏன் நிக்குது? இறக்கு."

"பிடி தளர்ந்திடுமோன்னு பயமா இருக்கு, ஐயா."

"நாலு பேர் இருக்கீங்கல்ல?"

"போன மாசம் ரெண்டு பேர்தான் இருந்தோம். நீங்க உக்காந்திருக்கிற கூடையிலதான் என் தம்பி உக்காந்திருந்தான்."

 உச்சியார் பேசியபோது குரலில் பாதி காணாமல் போயிருந்தது. "மேல தூக்கு. உக்காந்து பேசிக்கலாம்."

"மேல வந்தா மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டீங்க, எங்க பேசறது? அவன் எதனால செத்தான்னு இப்ப ஊர் கேக்கச் சொல்லுங்க. இனிமே யார் இறங்கினாலும் நாலு பேர்னும் சொல்லுங்க."

கூச்சல் கேட்டு, சாரலுக்கு ஒதுங்கித் தள்ளி நின்ற காவல்காரர்கள் தடியோடு ஓடிவந்தார்கள். கூலிக்காரர்கள் கூட்டமாக எதையாவது பிடித்துக்கொண்டு நின்றால் அவர்களுக்குத் தெரிந்த அதட்டல் ஒன்றுதான். தலைமைக் காவல்காரன் அதையே அதட்டினான்.

"விடுங்கடி வடத்தை!"

முடிச்சுக்காரி திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். "விடட்டுமா? எதுக்கும் உங்க ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளத்திலிருந்து உச்சியாரே அலறினார். "விடச் சொல்லாதேடா, மடையா! அவங்க மேல கை வைக்காதே! யாரும் கை வைக்காதீங்க!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சிரிப்பு கல்மேடைக்கு ஓடியது, அங்கிருந்து கீழ்ப்படிக்கு ஓடியது. விரிப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்த வலைகளை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். அவளோடு ஒரு மாதமாகப் பேசாதவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவராக வடத்தில் கை வைத்தார்கள். காவல்காரர்கள் தடியை என்ன செய்வதென்று தெரியாமல் கை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

மேகம் ஏறி வந்தது. பிடிக்க வலையில்லை. அவர்கள் முகத்தை நனைத்துவிட்டு, உச்சியாரையும் தொப்பலாக நனைத்துவிட்டு, ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழாமல் மலையைத் தாண்டிப் போயிற்று. உச்சியார் மகனை வரச்சொல்வதாக மிரட்டினார், குடம் குடமாகத் தருவதாக ஆசை காட்டினார், தலை சுற்றுகிறது என்றார். கேட்டதை மட்டும் சொல்லவில்லை. மேல்படியிலிருந்து இன்னும் காவல் வரும், இன்று மாலைக்குள் என்னவெல்லாமோ நடக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முடிச்சுக்காரியின் கையில் புதுத்தோல் கிழிந்து ரத்தம் வடத்தில் இறங்கியது. அவள் தோளை யாரோ மெல்ல நகர்த்தினார்கள். மேஸ்திரி. அவர் தலைத்துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் பிடித்திருந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

"நீ கொஞ்சம் மூச்சு வாங்கும்மா" என்றார். "இவன் வாயைத் திறக்க நேரமாகும்."