கட்டத்துக்கு ஒரு வார்த்தை

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருபவளை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் 'பேச்சு டீச்சர்' என்பார்கள். அவள் கைக்கு வந்தவர்களில் குருவியோடுதான் பெரும்பாடு. ஏழு வயதுப் பெண். வீட்டில் வாய் ஓயாதாம். பள்ளி வாசலை மிதித்தால் பூட்டு விழுந்துவிடும்.

மேசைக்கு எதிரே உட்கார்த்திப் படம் காட்டினாள், கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தரையில் சாக்கட்டியால் எட்டுக் கட்டம் போட்டாள். ஒரு கட்டம் குதித்தால் ஒரு வார்த்தை. மூன்றாம் வாரம் குருவி குதித்தாள், சொன்னாள். ஐந்தாம் வாரம் ஒரு கதையே வந்தது. பேச்சு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் வகுப்பாசிரியை வந்து நிற்கும்வரைதான்.

"என்னதான் சொல்லிக் குடுத்தீங்க? கேள்வி கேட்டா எழுந்து குதிக்கிறா. குதிச்சா பதில் வருது, உக்காருன்னா வாயையே திறக்க மாட்டேங்குறா. மத்ததுங்களும் சேந்து குதிக்குது. மேல என்ன இடிக்கிறீங்கன்னு கீழ் வகுப்புலேர்ந்து வந்து கேக்குறாங்க."

பேச வைத்தோமா, குதிக்க வைத்தோமா? பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோமா, பிள்ளையைக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டோமா? யோசிக்க யோசிக்க அவளுக்கு மண்டை காய்ந்தது.

வெள்ளிக்கிழமை வாசிப்புத் தேர்வு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். தோழிகள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போய்விட்டால், வந்திருக்கிற பேச்சும் போய்விடும் என்று பேச்சு டீச்சர் பயந்தாள்.

தேர்வு அறையில் குருவியின் கால்கள் தரையை எட்டவில்லை.

"வாசிம்மா" என்றார் தலைமையாசிரியை. சத்தமில்லை.

"குதிச்சுகிட்டே வாசிக்கட்டுமா மேடம்?" என்று பேச்சு டீச்சர் கேட்டுப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம். உக்காந்துதான்."

குருவி புத்தகத்தைப் பார்க்கவில்லை, பேச்சு டீச்சரின் கால்களையே பார்த்தாள். அதற்குப் பிறகு தான் செய்ததற்குக் காரணம் என்ன என்று பேச்சு டீச்சருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாற்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தாள்.

"நேற்று" என்றாள் குருவி.

இன்னொரு குதி.

"மழை."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பரீட்சை யாருக்கு?"

"தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் குதித்தாள்.

பத்து வரியில் ஒன்பது வந்தாயிற்று. அதற்குமேல் பேச்சு டீச்சருக்கு மூச்சு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். குருவியின் வாசிப்பும் நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்றிருந்தது பேச்சு டீச்சருக்கு.

குருவி இறங்கினாள். தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து சுவரோரம் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். மிச்சம் ஒரு வரிதான், நான் பாத்துக்கிறேன்."

கால் அசையாமல் நின்று, அந்தக் கடைசி வரியை வாசித்து முடித்தாள்.

"கடைசி வரிய உக்காந்து வாசிக்கலியே, இத என்னன்னு எழுதறது?" என்று பேச்சு டீச்சரைக் கேட்டார் தலைமையாசிரியை.

என்னவோ சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'வாசித்தாள்' என்று மட்டும் எழுதினார்.