இடது பெட்டி

தங்கவேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவன். ஊர் குருவிநத்தம். எங்கே போர் போட்டாலும் கம்ப்ரசர் எஞ்சினை ஒட்டி நின்று துளைபோடும் ராடு மாற்றுவான். ஏழு வருஷத்துக்கு முன்னால் லாசுப்பேட்டையில் ஒருவர் வீட்டில் போர் போட்டார்கள். நல்ல தண்ணீர் வந்த சந்தோஷத்தில் வீட்டுக்காரர் இவனை உள்ளே கூப்பிட்டு, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒரு பக்கம் வீணை, ஒரு பக்கம் மிருதங்கம். பாடுகிறவள் எதிரிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. காலில் ஒட்டிய சேறு காய்வதற்குள் எழுந்து வந்துவிட்டான். ஆனால் தன் வீட்டிலும் அப்படி உட்கார்ந்து கேட்கிற ஆசை மட்டும் போகவில்லை.

பாகூரில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அரிகரன் அவனோடு ஒன்றாகப் படித்தவன். "புதுசு இன்னாத்துக்குடா? சாமானா வாங்கிச் சேத்தா பாதி செலவுல முடிச்சிடலாம்" என்றான். சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. உடைக்கப்போட்ட வேனிலிருந்து இரண்டு ஸ்பீக்கர். ஆசாரி கடையில் மிஞ்சின பிளைவுட்டில் இரண்டு பெட்டி. எல்லாம் சேர மூன்று மாதம் ஆயிற்று.

முதல் நாள் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தான். வலது பெட்டி கணீரென்று பாடியது. இடது பெட்டி ஊமையாக நின்றது.

அரிகரன் வந்து பார்த்தான். இடது பெட்டியில் காதை வைத்தான். பிறகு தங்கவேலின் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுப்படி வாசலில் நின்ற அவன் மனைவி உஷாராணியைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தங்கவேல் நினைத்துக்கொண்டான்.

"ஆமாண்டா, லெஃப்ட்டு வீக்கு. உள்ள கம்பிச் சுருளு, காயிலு, போயிருக்கு. மாத்திடலாம்" என்றான் அரிகரன்.

மாற்றினான். பாடவில்லை. இடது பெட்டியைத் தூக்கி வலப்பக்கம் வைத்தால் அது பாடியது. இடப்பக்கம் வந்த மற்றது ஊமையாயிற்று. "அப்போ கோளாறு பெட்டியில இல்ல, ஆம்ப்ளிஃபயர்ல" என்று போர்டை மாற்றினான். ஒயரை இடம் மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். "செவுரு ஈரம்டா, சத்தத்தைக் குடிக்குது" என்று இடப்பக்கச் சுவரில் சாக்கு கட்டச் சொன்னான். கட்டினான். ஞாயிறு தோறும் தங்கவேலின் கூலி ஏதோ ஒரு சாமானாக மாறிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் கூட அவனிடம் அதே பேச்சுதான். "இன்னா தங்கவேலு, லெஃப்ட்டு பாடுதா?" என்பார்கள். யாராவது ஒருவன் அவன் இடப்பக்கம் போய் நின்று ஏதோ முணுமுணுப்பான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே தங்கவேலும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி ரிப்பேரில் நின்றதால் வீட்டில் இருந்தான். பாட்டை ஓடவிட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று இடது பெட்டி பாடியது. துள்ளி எழுந்து திரும்பினான். நின்றுவிட்டது. மறுபடி முதுகு காட்டினான். பாடியது. இப்போது வலது பெட்டிதான் ஊமை.

கொடுவாளைக் கீழே வைத்தான். வலது காதில் விரலை விட்டு அடைத்தான். பாட்டு, வாசலில் கோழி, தெருவில் போகும் டவுன் பஸ், எல்லாம் ஒரேயடியாக அணைந்துபோயிற்று. விரலை எடுத்து இடது காதை அடைத்தான். எதுவும் மாறவில்லை. நான்கைந்து தடவை செய்து பார்த்தான்.

உஷாராணி கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எடது காது கேக்கலடி."

அவள் தலை நிமிரவில்லை. "அது தெரியாதா? ரெண்டு வருஷமா அப்பிடித்தான்."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னனே. அந்தப் பக்கமா நின்னு சொன்னேன்." சொல்லிவிட்டு, மீன் சட்டி ஆடும்படி சிரித்தாள்.

பாகூருக்கு நடந்தே போனான். அரிகரன் கடையில் நாலுபேர் இருந்தார்கள். இவன் முகத்தைப் பார்த்ததுமே ஒருவன், "போச்சுடா, பந்தயம் முடிஞ்சுது" என்றான். பொங்கலுக்கு முன்னால் கண்டுபிடிப்பானா, பின்னாலா என்று பந்தயம் கட்டியிருந்தார்களாம்.

"மொத நாளே தெரியுமாடா உனக்கு?" தங்கவேலின் குரல் தடித்தது.

"கோச்சுக்காதடா. நான் போட்டதெல்லாம் ஒரிஜினல் சாமான். ஒண்ணுலயும் ஏமாத்தல" என்றான் அரிகரன். பிறகு நகர்ந்து இடப்பக்கம் வந்து ஏதோ சொன்னான். நாலுபேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இந்தத் தடவை தங்கவேல் சிரிக்கவில்லை. அடிக்கக் கை ஓங்கினான். நாலுபேரும் எழுந்தார்கள். கை தானாக இறங்கியது.

அடுத்த வாரம் போர் வண்டி முதலாளி மணிபாரதி அவனைக் கூப்பிட்டார். வலப்பக்கமாக வந்து நின்றுதான் பேசினார். "உன் காது விஷயம் காதுக்கு வந்துச்சுபா. எஞ்சின் பக்கம் நிக்கிறவனுக்கு 'நிறுத்து'ன்னா கேக்கணும். ஒருத்தன் கை போச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

"இந்த எஞ்சின் பக்கத்துல நின்னுதான் போச்சு மொதலாளி."

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

மறுநாளே அந்த இடத்துக்கு வந்தவன் அரிகரனின் மச்சான்.

தங்கவேல் வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்தான். இரண்டு பெட்டிகளையும் வலப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாட்டைப் போட்டான். வீணையும் மிருதங்கமும் ஒரே ஓட்டையிலிருந்து கொட்டுகிற மாதிரி கலந்து வந்தன. அப்படியே உட்கார்ந்து கேட்டான்.

வேலை போன செய்தி அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. உஷாராணி உள்ளே வந்து இடப்பக்கம் நின்று என்னவோ பேசினாள். அவன் அசையவில்லை. அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். பாட்டை நிறுத்தினாள். அவன் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"செவிட்டு முண்டத்துக்கு இனிமே எவன்யா வேல குடுப்பான்?"