இடப்பக்கம் சாய்ந்த வண்டி

விடிவதற்குள் சாமான் ஏற்றி முடித்தாக வேண்டும். சாரப் பலகைகள் இரவெல்லாம் பனியில் ஊறிக் கனத்துக் கிடந்தன. ஒரு முனையை நெட்டை தன் தோளில் வாங்கினாள். மறுமுனையைக் கலவை மிஷின் ஓட்டும் பெரியவர் தூக்கினார். பலகைகளுக்கு மேல் மண்வெட்டிகள், காய்ந்த சிமெண்ட் ஒட்டிய இரும்புச் சட்டிகள், கடைசியாக டீசல் கேன். கூட்டத்திலேயே அவள்தான் உயரம். அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான், உயரத்தில் அடுக்குகிற வேலை தினமும் அவள் தலையில் விழுவதும் அதனால்தான். சிமெண்ட் அரித்த விரல் வெடிப்புகளில் டீசல் பட்டுச் சுரீரென்றது.

அவர்கள் கூரைக்குக் கான்கிரீட் போடும் கூட்டம். அவர்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியை ஓட்டுவது நெட்டையின் அண்ணன். போன வாரம் வரைக்கும் அண்ணியும் அதே வண்டியில்தான் வேலைக்கு வந்தாள். வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் வண்டி சட்டென்று இடப்பக்கம் அமுங்க, ஓரத்தில் இருந்தவள் ரோட்டில் போய் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எழுந்து நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பிடி கொடுத்துப் பேசுவதில்லை.

முதலாளி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஓட்டினவன் வேகமாகத் திருப்பிவிட்டான், ஏறினவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள், வண்டி மேல் ஒரு குறையும் இல்லை என்றார். அன்றிலிருந்து அண்ணனால் பெண்டாட்டி முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் போட்டது அப்படியே காய்ந்தது. நெட்டையும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசாமல், மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

இனிமேல் எல்லாரும் வலப்பக்கமாகவே உட்கார வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். அன்று காலை அப்படியே ஏறி, ஒருவர் முழங்கால் இன்னொருவர் விலாவில் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கயிறு கட்டுவதற்காகக் கீழே நின்ற நெட்டை பின்னால் நகர்ந்து வண்டியைப் பார்த்தாள். ஆள் பாரம் முழுக்க வலப்பக்கம். வண்டி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். தரை மேடு பள்ளமாக இருக்கும் என்றான். சரி, சாமான் கொட்டகைக்கு முன்னால் இருக்கிற சிமெண்ட் தரையில் கொண்டுவந்து நிறுத்து என்றாள். நிறுத்தினான், அங்கேயும் சாய்ந்தது. எல்லாரையும் இறங்கச் சொன்னாள். நேரமாகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். அப்போதும் நிமிரவில்லை. டயரில் காற்றுக் குறைவோ என்று அண்ணன் அளந்து பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு. முன்சக்கரங்களுக்கு மேல் இருந்த இடைவெளியைச் சாண் வைத்துப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை. பின்னால்தான் கோளாறு. வலப்பக்கச் சக்கரத்துக்கு மேல் ஒரு சாண் தாராளமாக நுழைந்தது. இடப்பக்கம் நெட்டையின் முஷ்டிகூடத் திணறித்தான் போனது.

அண்ணன் சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தான். செல்போன் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நெட்டையும் அவன் பக்கத்தில் ஊர்ந்து போனாள்.

பாரமெல்லாம் உட்காருவது அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய ஸ்பிரிங் பட்டைகளின் மேல். இடப்பக்கத்து அடுக்கில் நடுப்பட்டைகள் இரண்டு முறிந்து கிடந்தன. முறிவைச் சுற்றிக் கம்பியை இறுக்கி, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. நெட்டை நகத்தால் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியில், இரும்பு பிளந்த வாய் முழுக்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. போன வாரம் முறிந்த இரும்பு இப்படித் துருப்பிடிக்காது.

"வண்டி சாயுதுன்னு மழைக்காலத்துக்கு முன்னாடியே முதலாளிகிட்ட சொன்னேன்," என்றான் அண்ணன். "ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். எல்லாம் சரி பண்ணியாச்சுன்னு அவரே சாவியைக் கையில குடுத்தார். நம்பிட்டேன்."

படுத்த வாக்கிலேயே கிடந்தான். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நான் வேகமாத் திருப்பலடி."

"தெரியுதுண்ணே," என்றாள்.

வெளியே வந்ததும் அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர்கள் யாரும் வண்டியில் ஏறவில்லை.

முதலாளி வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கம்பி கட்டி முடித்த கூரை அங்கே காத்துக்கிடக்கிறது, இங்கே என்ன வேடிக்கை என்று கேட்டார். வண்டி சாய்கிறது என்றார் கலவைப் பெரியவர்.

"எல்லாரும் ஒரு பக்கமா உக்காந்தா சாயாம என்ன செய்யும்?"

"நாங்க எல்லாரும் கீழதான் நிக்கிறோம் முதலாளி," என்றாள் நெட்டை. "இப்பவும் சாஞ்சுதானே நிக்குது."

அவர் வண்டியைப் பார்த்தார். குனியவில்லை. குரலைத் தணித்து, இன்றைக்கு ஒருநாள் சமாளியுங்கள், நாளைக்கே மாற்றிவிடலாம் என்றார்.

அண்ணன் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பட்டையை மாத்துங்க, ஓட்டறேன். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வாங்க. வாசல்ல நிக்கக் கூடாது, உள்ள வரணும். வண்டிதான் காரணம்னு அவகிட்ட உங்க வாயால சொல்லணும். வைத்தியத்துக்கும் நீங்கதான் பொறுப்பு."

"உனக்கு இனிமே இங்க வேலை இல்ல. சாவியக் குடு, நானே ஓட்டறேன். வேலை வேணும்கிறவங்க ஏறுங்க."

சாவியை அண்ணன் கொடுத்துவிட்டான். முதலாளி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி, வாடகைக்கு என்ன செய்வேன் என்று முனகிக்கொண்டே பின்கதவில் ஒரு காலை வைத்தாள். வைத்த காலின் கீழ் வண்டி நெளிந்தது. காலை எடுத்துக்கொண்டு நெட்டையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் இரண்டாவது வண்டி ஆட்களோடு வந்து நின்றது. அதிலிருந்து கொத்தனார் ஒருவர் இறங்கி, என்ன விஷயம் என்று கேட்டார். நெட்டை சொன்னாள். அவர் தங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "எங்களுதுக்கு அடியிலயும் கொஞ்சம் பாரும்மா," என்றார். அந்த வண்டி டிரைவர் முதலாளியை ஒரு தரம் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தான். ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள்.

முதலாளி போனை எடுத்தார். வேறு கூட்டம் வேண்டும், உடனே வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படியே பேசினார். கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. வருகிறவர்களும் கூலிக்காரர்கள்தான், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வந்து ஏறிக்கொண்டால் என்ன செய்வது என்று கைக்குழந்தைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

நெட்டை இரண்டாவது வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, தலையை உள்ளே விடப் போனவள், திரும்பிப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள். "அவங்களையும் குனிஞ்சு பாக்கச் சொல்லுவோம்."