அறுபதாவது வாய்

பெட்லின் ஊர்ப் பாடகர் சங்கம் பிறந்தது சங்கீத ஆசையால் அல்ல, ஒரு சண்டையால். ஊர்த் தேவாலயமான சேப்பலில் ஆர்மோனியம் வைக்கலாமா கூடாதா என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கூடாது என்ற கட்சி கோபித்துக்கொண்டு வெளியே வந்து, வாத்தியமே இல்லாமல் பாடிக் காட்டுகிறோம் பார் என்று நாற்பது சுரங்கத் தொழிலாளிகளைச் சேர்த்தது. வீம்புக்குத் தொடங்கிய காரியம் எழுபது வருடம் நிலைத்துவிட்டது. வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பாதிச் சங்கங்களின் கதை இதுதான். ஆண்டு மலரில் மட்டும் "கடவுளின் புகழுக்காக" என்று போட்டுக்கொள்வார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சேப்பலின் பின்கூடத்தில் பயிற்சி. கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரியில் பாட்டு, ஆகஸ்டில் பாட்டுப் போட்டி. பெண்களுக்கு அங்கே வேலை தேநீர் போடுவதும் ரொட்டியில் பன்றிக்கறி வைத்துக் கொடுப்பதும்தான். இதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. பெட்லினுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பின்கூடச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் பாடுகிறவர்களின் பெயர்கள். பெயர் பலகையில் இருக்கும்போதே ஒருவன் செத்தால், மொத்தச் சங்கமும் கறுப்புக் கோட்டில் குழியைச் சுற்றி நின்று நான்கு குரலில் பாடி அவனை அனுப்பிவைக்கும். பாடாதவன் பெயர் பலகையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். பெயர் இல்லாதவனுக்குப் பாதிரியார் மட்டும்தான்.

எம்லின் பிராசரின் அப்பாவுக்கு அப்படிப் பாடினார்கள், அண்ணனுக்கும் பாடினார்கள். எம்லினுக்கு வேறு எந்தப் பெரிய ஆசையும் கிடையாது. நாற்பத்தோரு வருடமாக இரண்டாம் டெனர் என்கிற மேல்குரல் வரிசையில் நிற்கிறவர். முப்பது வருடம் நிலக்கரி வெட்டியதில் நுரையீரலில் தூசு இறங்கிவிட்டது. அறுபது சதவீதம் பாதிப்பு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் அதையும் ஒரு பட்டம் மாதிரிதான் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருடம் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பாட்டு நடத்துகிற பென்ரி, அவர் பள்ளித் தலைமையாசிரியரும்கூட, பயிற்சி முடிந்து எம்லினை மட்டும் நிறுத்திவைத்தார்.

"எம்லின், தப்பா நினைக்காதே. மூச்சு வாங்குறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"தெரியும் வாத்தியாரே."

"பெரிய பிரிவுல பாட அறுபது பேர் வேணும். நம்மகிட்ட சரியா அறுபதுதான் இருக்கு. உன்னை விட்டா மேடையே ஏற முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கடைசி வரிசை ஓரத்துல நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம். பலகையில உன் பேரு கடைசி வரைக்கும் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

எம்லின் வீட்டுக்குப் போய் மனைவி நெஸ்டாவிடம் மட்டும் சொன்னார். அவமானத்தில் காது சிவந்திருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். செத்தபிறகு யார் பாடினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது.

இரண்டு மாதம் அவர் ஊமையாகப் பாடினார். ஒரு வார்த்தை விடாமல், ஒரு மூச்சு தவறாமல் உதட்டை அசைத்தார். பக்கத்தில் நின்ற பெர்வினுக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது. பெர்வின் வாத்தியாரின் மருமகன், நல்ல குரல். அந்தக் குரல் நல்லது என்று அவனுக்கு அளவுக்கு மீறித் தெரியும்.

போட்டிப் பாட்டின் முடிவில் ஒரு மௌனம் உண்டு. உச்சத்தில் ஏறிச் சட்டென்று நிறுத்தி, மூன்று எண்ணிக்கை எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்று, பிறகு கடைசிச் சுரத்தை மெல்ல வைக்க வேண்டும். மேடையில் அன்று எல்லாம் கூடிவந்தது. பென்ரியின் மூடிய கை காற்றில் நின்றது. ஒன்று, இரண்டு...

இரண்டிலேயே ஒரு குரல் புகுந்துவிட்டது. தன்னந்தனியாக, கணீரென்று, ஒரு இரண்டாம் டெனர்.

எம்லினின் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது அது. திரும்பிப் பார்த்தார். பெர்வின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முதல் பரிசு பக்கத்து ஊர் ட்ரெகார்னுக்குப் போனது. நடுவர் குறிப்பில், இரண்டாம் டெனர் வரிசையின் ஓரத்திலிருந்து ஒருவர் மௌனத்தைக் கெடுத்தார் என்று இருந்தது. ஓரத்தில் நின்றது யார்? அதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் ஐந்து மைல் தாண்டியதும் சங்கச் செயலாளர் கறிக்கடை ஹேடன் வாயைத் திறந்தான்.

"மூணு எண்ணத் தெரியாதவனையெல்லாம் எப்படித்தான் சுரங்கத்துக்குள்ள விட்டாங்களோ."

"அவரு என்ன பண்ணுவாரு, ஒரு வருசத்து மூச்சைச் சேத்து வச்சு அங்க போய் விட்டுட்டாரு" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

சிரித்தார்கள். எம்லின் முன் இருக்கையைப் பார்த்தார். பென்ரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. பெர்வின் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். எம்லினுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. தூசால் இல்லை.

செவ்வாயன்று கமிட்டி கூடியது. போட்டியில் சங்கத்தைத் தலைகுனிய வைத்தவரின் பெயரைப் பலகையிலிருந்து எடுப்பது என்று ஹேடன் தீர்மானம் கொண்டுவந்தான்.

"எதையும் நேரா கேட்டுடறது நல்லது. எம்லின் அண்ணே, அன்னிக்கு முந்திப் பாடினது நீங்கதானா?"

எம்லின் பென்ரியைப் பார்த்தார். நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். இவர் பாடவே இல்லை, பாட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பிறகு பாடியது யார்? அதற்கும் பதில் அவருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மேஜையில் சாப்பிடுகிற ஆள். பென்ரி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எம்லினே சொல்லலாம்தான். சொன்னால் பாடாதவன் என்று பெயர் போகும். சொல்லாவிட்டால் கெடுத்தவன் என்று போகும். பலகையில் இடம் எப்படியும் இல்லை.

"ஆமா. நான்தான் பாடினேன்" என்றார்.

பெர்வின் தரையைப் பார்த்தான். கைகள் உயர்ந்தன. பென்ரியின் கையும் உயர்ந்தது, கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் நெஸ்டா கொதித்துப்போனாள்.

"ஏன்யா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அந்தப் பய பண்ணினதுக்கு நீ ஏன் தலையைக் கொடுத்தே? உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆகும்? குரல் போன கிழவன்னு உச்சுக் கொட்டுவானுங்க. வாசல்ல பாத்தா தோளைத் தட்டுவானுங்க." மூச்சுக்காக நிறுத்தினார். "இப்பத் திட்டுறானுங்க. பாடினவனைத்தான்டி திட்டுவானுங்க."

நெஸ்டா அடுப்பருகே போய் உட்கார்ந்து அழுதாள்.

விலக்கப்பட்டவரின் சங்கத்துக் கறுப்புக் கோட்டைச் செயலாளர் வந்து வாங்கிப்போவதுதான் வழக்கம். வியாழக்கிழமை மாலை பென்ரியே வந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நெஸ்டா கோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கூடக் கொடுக்காமல் அப்படியே அவர் கையில் போட்டாள்.

"எம்லின், உன் பெரிய மனசை நான் மறக்க மாட்டேன்" என்றார் பென்ரி. குரல் தழுதழுத்தது, பொய்யில்லை. "என் மக மாசமா இருக்கா. இந்த நேரத்துல அவனை நான் எப்படி... உனக்கே புரியும்."

"புரியுது."

"சட்டம் கிடக்கட்டும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பலகையில பேரு இல்லாட்டாலும் சரி, அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து உன் குழிமேட்டுல நிறுத்துவேன். இது சத்தியம்."

எம்லின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே, வர வேண்டாம்னு சொல்லல. ஆனா யாரும் பாடக் கூடாது. வரிசையா நின்னு வாயை மட்டும் அசைச்சுட்டுப் போங்க."

பென்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெஸ்டா கதவைச் சாத்தினாள்.