வீண்செலவில் வந்த போன்

குடும்பச் செலவைக் கணக்குப் பார்க்க போனில் நாலைந்து ஆப்களை அலசி, கஜேந்திரனே ஒன்றைப் பொறுக்கிவிட்டான். மனைவி சர்மிளாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தச் செலவு எதில் சேரும் என்பதையும் அவனே போட்டு வைத்திருந்தான்.

தேயிலைக் கொழுந்துக் கூடையை அவள் இறக்கி வைப்பதற்குள் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். சாராயம் 'பொழுதுபோக்கு' என்று பச்சையில் இருந்தது. அவள் மாதாமாதம் கட்டும் சீட்டு 'வீண்செலவு' என்று சிவப்பில் எரிந்தது. சர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீட்ட நிப்பாட்டச் சொல்லுது பாரு," என்றான்.

"போன தீவாளிக்கு அந்தச் சீட்ட எடுத்துத்தான் ஒங்களுக்கு இந்தப் போன வாங்கினேன். சிம்ம மட்டும் கழட்டிக்கிட்டு, போன இப்பிடிக் குடுங்க."