மேலே மிதந்த வளையம்

மரணமே நாணித் தலைகுனியும் உறுதியை ஒரு புரதத்துக்கு வழங்கிவிட்டதாக ஆய்வுக்கூடத் தலைவர் அறிவித்தார். அறிவித்த இடம் காபி மெஷின் முன்னால். மெஷின் ரிப்பேர். கேட்டவர்கள் இரண்டு பேர்.

வைரஸ் என்பது மரபணுவைப் பொதிந்து வைத்த புரத ஓடு. சூடேற்றினால் ஓடு விரியும், மரபணு வெளியே வரும், கூடவே கலந்த சாயம் அதைத் தொட்டதும் ஒளிரும். தலைவர் ஓட்டுப் புரதத்தில் ஒரே ஓர் இடத்தை மாற்றச் சொன்னார். மாற்றிய வைரஸ் எண்பது டிகிரியிலும் ஒளிரவில்லை. தடுப்பூசிக்கு இனி ஃபிரிட்ஜே வேண்டாம் என்று பேட்டியும் கொடுத்தாயிற்று.

சோதனையைச் செய்த ஆய்வாளப் பெண்ணுக்கு மட்டும் காரணம் தெரியும். வைரஸைச் சர்க்கரைக் கரைசலில் சுழற்றியபோது குழாயில் இரண்டு வெண்வளையங்கள் நின்றன. மரபணு ஏறியது கனம், கீழே இறங்கிவிடும். மேலே மிதப்பது காலி ஓடு. அன்று புகைப்படக்காரர் வந்திருந்தார். பத்து வருடமாக ஊசியைத் தொடாத தலைவர் தாமே கையுறை மாட்டிக்கொண்டு, படத்தில் எடுப்பாக விழும் என்று சோதனைக்கு மேல்வளையத்தை உறிஞ்சி எடுத்தார். அவள் திருத்தப் போகாமல் கீழ்வளையத்தை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தாள். அவளுடைய பணி நீட்டிப்புக் கடிதம் மூன்று வாரமாக அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா விஷயத்தைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை.

“காலி குடத்தைக் கவுத்துட்டு, பாரு ஒரு சொட்டு சிந்தலைன்னு பூரிச்சுப் போறாரு. நீ பேசாம வரைபடத்தைப் போட்டுக் குடு. முதல்ல கையெழுத்து, அப்புறம் அறிவியல்.”

போட்டுக் கொடுத்தாள். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. மனம் குளிர்ந்த தலைவர் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். அது அலுவலகத்தில் பதிவாகி முத்திரையும் விழுந்த பிறகுதான், அவள் ஃபிரிட்ஜிலிருந்து கீழ்வளையத்தை எடுத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் விருந்தினராக வந்திருந்த பேராசிரியை, மரபணு ஏறிய ஓட்டைத் தனியாகச் சூடேற்றிப் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேட்டார். இந்த மாதிரி சில்லறைக் கேள்விக்கெல்லாம் பிள்ளைகளே போதும் என்பதுபோலத் தலைவர் ஆய்வாளரைப் பார்த்துக் கையசைத்தார்.

“நேத்து பார்த்தேங்க மேடம்,” என்றாள்.

“எத்தனை டிகிரி தாங்குச்சு? சொல்லும்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்,” என்றார் தலைவர்.

மாற்றாத வைரஸ் ஐம்பது டிகிரி வரை தாங்கும். தலைவருடையது நாற்பத்தாறில் உடைந்தது.