தொட்டியில் ஹைப்போ இல்லை

அக்னபாத்துக்கு மாய்சாவைக் கண்டால் ஆகாது. கடலோரத்துச் செலெகென் ஊர்த் தொழிற்சாலையின் புரோமின் பிரிவில் இது எல்லோருக்கும் தெரியும். அக்னபாத்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவி. அவளுடைய ஒரே மகன் யஸ்மிராத் அடுத்த கட்டடத்தில், அயோடின் பிரிவில், பம்பு பார்ப்பவன். அவனுக்கென்று தன் அண்ணன் மகளை அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். அவனோ போயும் போயும் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணிடம், அதுவும் தன் அம்மாவின் கீழேயே வேலை செய்கிறவளிடம், மனசைக் கொடுத்துவிட்டான்.

புதிதாக வருகிறவர்களுக்கு வேலையை விளக்குவதில் அக்னபாத்துக்கு ஒரு தனி பாணி உண்டு.

"பூமிக்கடியிலேருந்து வர்ற உப்புத்தண்ணியில புரோமின் சோடியத்தைக் கட்டிக்கிட்டு சுகமா குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கும். நாம குளோரினை உள்ள விடுவோம். அது மாமியா மாதிரி. வந்த வேகத்துல மருமகளைப் புடிச்சு வெளிய தள்ளிடும்."

மாய்சா சேர்ந்த அன்று இதைச் சொல்லி முடித்து, அவளை ஏற இறங்கப் பார்த்து, "புரியுதாடி?" என்றாள். பிரிவே சிரித்தது. மாய்சாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

அப்படி வெளியே தள்ளப்பட்ட புரோமின் காற்றோடு மேலேறி, குளிர்ந்து, கருஞ்சிவப்புத் திரவமாகக் கீழே வரும். அதைக் கண்ணாடிப் புட்டிகளில் பிடிக்கும் மேடைதான் அங்கே மோசமான இடம். கண் எரியும், தொண்டை கமறும். புட்டி பார்க்கச் சிறிதாக இருந்தாலும் தூக்கினால் கல்லாகக் கனக்கும். அங்கே ஆட்கள் முறைபோட்டு நிற்பது வழக்கம். மாய்சாவுக்கு மட்டும் முறை மாறவேயில்லை.

"அக்கா, கையுறை விரல்கிட்ட அரிச்சுப் பொத்துப்போச்சு. வேற ஒண்ணு குடுங்கக்கா."

"எதுக்கு? நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகவா?"

மேடைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் தொட்டி இருக்கும். அதில் ஹைப்போ என்ற உப்பைக் கரைத்து வைத்திருப்பார்கள். புரோமின் மேலே பட்டுவிட்டால் ஓடிப்போய் அதில் முக்க வேண்டும். ஹைப்போ அதை அடக்கிவிடும். ஊரில் இதே ஹைப்போ இன்னொருவனுக்கும் வேண்டியிருந்தது. போட்டோக்காரன் ரூபென். அது இல்லாமல் படம் நிற்காது. அந்த வருஷம் அவனுக்குச் சரக்கு வரவில்லை. தொட்டிக்கென்று வெளியே எடுத்து வைத்திருந்ததை அக்னபாத் அவனுக்குக் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு அவன் அவளைப் பட்டுத்துணியில் உட்காரவைத்துப் படமெடுத்து, கன்னத்துக்கும் தலைத்துணிக்கும் வண்ணம் தீட்டிப் பெரிதாகச் சட்டம் போட்டுத் தந்தான். பொட்டலத்தை ரூபெனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் யஸ்மிராத்.

தொட்டியில் அக்னபாத் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பினாள். கிடங்கில் புது மூட்டை வந்து கிடந்தது, சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது. நாளைக்குக் கரைத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அப்படியே எத்தனையோ நாளைகள் போயின. ஒவ்வொரு காலையும் மாய்சாவை அந்த மேடைக்கு அனுப்பும்போது அது வெறும் தண்ணீர் என்பது அவளுக்கு நினைவிருக்கத்தான் செய்தது. அந்தப் பெண் கொஞ்சம் பயப்படட்டும், வேலையை விட்டு ஓடட்டும் என்று மட்டும்தான் நினைத்தாள். தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அன்று முற்பகலில் ஒரு புட்டி விரிசல் விட்டு அடி கழன்று வந்துவிட்டது. புரோமின் மாய்சாவின் வலது கையில் கொட்டி, பொத்தல் வழியே கையுறைக்குள் இறங்கியது. அவள் கையுறையை உருவி எறிந்துவிட்டு ஓடித் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டாள். கையில் படிந்த பழுப்பு போகவில்லை. தண்ணீர்தான் கலங்கி நிறம் மாறியது.

"அக்கா! போகலைக்கா! எரியுதுக்கா!" என்று அலறினாள். பிறகு அந்த வலியிலேயே ஏதோ உறைத்து, தொட்டியையும் அக்னபாத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது வெறுந்தண்ணி..."

அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். புரோமின் புகை கலைந்ததும், முகமூடியை மாட்டிக்கொண்டு அக்னபாத் மட்டும் உள்ளே போனாள். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினாள். கிடங்கைத் திறந்து மூட்டையைப் பிரித்து, தாராளமாக ஹைப்போவைப் போட்டு, படிகம் கரையும்வரை கட்டையால் நிதானமாகக் கலக்கினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. அதில் அவளுக்கே கொஞ்சம் பெருமை.

விசாரணை அந்த மேடைக்கு முன்னாலேயே நடந்தது. எஞ்சினியர் ஸோதொவ் வந்திருந்தார். இரண்டு பிரிவு ஆட்களும் சுற்றி நின்றார்கள்; யஸ்மிராத்தும் நின்றான். மாய்சா கையில் பெரிய கட்டோடு வந்தாள்.

"கையுறையைக் கழட்டி வச்சிட்டு வேலை பாத்திருக்கா. அப்புறம் பயத்துல கையைச் சரியா முக்கலை. இந்தக் காலத்துப் பொண்ணுங்க," என்றாள் அக்னபாத்.

"பொய்! தொட்டியில ஹைப்போவே இல்லை சார்," என்றாள் மாய்சா. "நான் காட்டுறேன். மருந்துப்பெட்டியில அயோடின் இருக்கு. அதை இதுல விடுங்க. ஹைப்போ இருந்தா அயோடின் நிறம் போயிடும். வெறுந்தண்ணின்னா பழுப்பு அப்படியே நிக்கும். எல்லாரும் பாக்கட்டும்."

அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை. அக்னபாத் தானே போய் மருந்துப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீயே விடும்மா. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவே."

எஞ்சினியர் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு பிடித்தார். மாய்சா இடது கையால் அயோடினைச் சொட்டினாள். விழுந்த பழுப்பு அந்த நொடியே மறைந்தது. இன்னும் விட்டாள். அதுவும் மறைந்தது. புட்டியையே கவிழ்த்தாள். குவளை பளிங்காகத் தெளிந்து நின்றது.

யாரோ பின்னால் 'க்ளுக்'கென்று சிரித்தார்கள். "படிச்ச புள்ளையாம்," என்றது இன்னொரு குரல்.

மாய்சா குவளையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற யஸ்மிராத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அஜாக்கிரதை என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கை ஆறியது, ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

தெருவார் பார்க்கட்டுமே என்று அக்னபாத் ஒரு நாள் சாயங்காலம் ரொட்டியும் மிட்டாயும் துணியில் கட்டிக்கொண்டு மாய்சாவின் வீட்டுக்குப் போனாள். அவள் தாய் தண்ணீர் வண்டியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாய்சா மட்டும்தான் இருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் தராமல் இருக்க முடியாது. இடது கையால் தடுமாறி ஊற்றி வைத்தாள். பாதி தரைவிரிப்பில் சிந்தியது. அக்னபாத் உதவிக்குக் கை நீட்டவில்லை.

"உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லடி."

"உங்க மேலேயும் எனக்குக் கோவம் இல்லைக்கா. நீங்க என்னை வெறுத்தீங்க, வெறுத்த மாதிரியே நடந்துக்கிட்டீங்க." மாய்சா அமைதியாக உட்கார்ந்தாள். "விசாரணைக்கு முன்னாடி உங்க பையன் இங்க வந்தான். பொட்டலத்தை ரூபென்கிட்ட கொண்டுபோனது அவன்தான்னு சொன்னான். அழுதான். சரி, எல்லார் முன்னாடியும் வந்து சொல்லப்போறான்னு நெனச்சேன். 'என் பேரை மட்டும் இழுத்துடாதே மாய்சா'ன்னு கையெடுத்துக் கும்புட்டான். நான் இழுக்கலை. கூட்டத்துல அவனே வாயைத் தெறப்பான்னு கடைசிவரைக்கும் பாத்தேன்."

அக்னபாத் கிண்ணத்தை உதட்டருகே வைத்தபடியே இருந்தாள்.

"அவன் எனக்கு வேணாம்க்கா. நீங்களே வச்சுக்கோங்க."

அக்னபாத் எழுந்து நடந்தாள். கடலிலிருந்து மணலோடு காற்று அடித்தது. ஜெயித்தவள் நடக்கிற மாதிரிதான் நிமிர்ந்து நடந்தாள். பார்த்தவர்கள் வணக்கம் சொன்னார்கள்.

வீட்டில் யஸ்மிராத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையிலெடுத்த ரொட்டி அப்படியே நின்றது.

"என்னம்மா சொன்னா?"

"நீ வேணாங்கிறா."

"வேற ஏதாவது... யார்கிட்டயாவது சொல்லப்போறாளாமா?"

"இல்லை. யார்கிட்டயும் சொல்லமாட்டா."

அவன் தோள்கள் தளர்ந்தன. மூச்சை நீளமாக விட்டான். ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் நன்றாகத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "கொஞ்சம் உப்புக் கம்மிம்மா," என்றான்.

அக்னபாத் அவன் மென்று விழுங்குவதைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள்.